சென்னையிலிருந்து ஸ்பிட்டி வரை: கல்லூரி நண்பர்களின் முதல் நெடும்பயணம், அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லூரியின் இறுதி ஆண்டுத் தேர்வு முடிந்த கையோடு நாங்கள் ஐந்து பேர் முதுகில் பையை மாட்டிக்கொண்டு, இமாச்சலப் பிரதேசத்தின் ஸ்பிட்டி பள்ளத்தாக்கு வரை சென்று திரும்பினோம். சில ஆண்டுகள் கழித்து வேறு நண்பர்களுடன் அதே இடத்துக்கு வேறு வழியாகச் சென்றேன். முதல் பயணத்தில் பட்டுத் தெரிந்துகொண்டதை வைத்துத்தான் இரண்டாவது பயணத்தைத் திட்டமிட்டேன். எங்கள் துறையின் இளைய மாணவர்கள் ஒவ்வொரு மார்ச் மாதமும் ஏறத்தாழ ஒரே கேள்விகளோடு வருவதால், அவற்றையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைத்திருக்கிறேன்.

முதல் பயணத்துக்கே ஸ்பிட்டி தேவையா? ஹம்பியோ கோவாவோ போதாதா?

தாராளமாகப் போதும். மூன்று நான்கு நாட்கள்தான் கையில் இருக்கின்றன என்றால் ஹம்பிக்கே செல்லுங்கள். ஆனால் தேர்வு முடிந்து வேலையில் சேர்வதற்கோ மேற்படிப்புக்கோ இடையில் கிடைக்கும் நீண்ட விடுமுறை வாழ்க்கையில் அடிக்கடி வாய்ப்பதில்லை. பணம் பிறகு வரும். ஐந்து நண்பர்களுக்கும் ஒரே நேரத்தில் பதினாறு நாட்கள் ஓய்வாக இருப்பது பிறகு வராது. ஸ்பிட்டியைச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ரயில், மலை ரயில், அரசுப் பேருந்து என்று விமானமே இல்லாமல் செல்ல முடிகிற, இந்தியக் குடிமக்களுக்குச் சிறப்பு அனுமதிச் சீட்டு தேவைப்படாத, மாணவர்களின் கைக்கு எட்டும் செலவில் அடங்குகிற உயர்மலைப் பகுதிகளில் அது முதன்மையானது.

அப்படியானால் லடாக்கின் லே ஏன் கூடாது? விமானத்தில் சென்றால் நாட்கள் மிச்சமாகுமே?

அங்கேதான் சிக்கல். லே நகரம் சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காலையில் டெல்லியில் விமானம் ஏறி ஒன்றரை மணி நேரத்தில் அங்கே இறங்கினால் உடலுக்குப் பழக நேரமே கிடைப்பதில்லை. இறங்கிய பிறகு இரண்டு நாட்கள் அறையிலேயே படுத்திருக்க வேண்டும் என்று மருத்துவர்கள் அறிவுறுத்துவார்கள்; மிச்சம் பிடித்ததாக நினைத்த நாட்கள் அங்கேயே கழிந்துவிடும். மேலும், பிற மாநிலங்களில் வாங்கிய ப்ரீபெய்ட் சிம் லடாக்கிலும் ஜம்மு காஷ்மீரிலும் இயங்காது. போஸ்ட்பெய்ட் இணைப்பு இருந்தால்தான் வீட்டுக்குப் பேச முடியும். மாணவர்களில் போஸ்ட்பெய்ட் வைத்திருப்பவர் எத்தனை பேர்?

மொத்தம் எத்தனை நாட்கள் வேண்டும்?

பதினாறு. "பத்து நாட்களில் முடிக்க முடியாதா?" என்பது அடுத்த கேள்வியாக வரும். முடியும், ஆனால் அந்தப் பத்தில் நான்கு நாட்கள் ரயிலுக்கும் மூன்று நாட்கள் பேருந்துக்கும் போய்விடும். ஆசைப்பட்ட எல்லா ஊர்களையும் பட்டியலில் வைத்துக்கொண்டு நாட்களைக் குறைப்பதுதான் முதல் பயணம் போகிறவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு. நாட்களை அப்படியே விட்டுவிட்டு ஊர்களைக் குறையுங்கள்.

எங்கள் இரண்டாவது பயணத்தின் கணக்கைச் சொல்கிறேன். முதல் நாள் இரவு சென்னை சென்ட்ரலில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஏறினோம். மூன்றாம் நாள் காலை டெல்லி. அன்று பகலை ஊர் பார்த்துக் கழித்து, இரவு பழைய டெல்லி நிலையத்தில் கால்கா செல்லும் நேதாஜி எக்ஸ்பிரஸைப் பிடித்தோம். முன்பு கால்கா மெயில் என்று அழைக்கப்பட்டு 2021இல் பெயர் மாறிய அதே ரயில்தான். நான்காம் நாள் விடியற்காலையில் கால்காவில் மலை ரயில் ஏறி, அன்றிரவு சிம்லாவில் தங்கினோம். ஐந்தாம் நாள் முழுவதும் பேருந்தில் சென்று கின்னௌர் மாவட்டத் தலைநகரான ரெக்காங் பியோவை அடைந்து, அதற்கு மேலே உள்ள கல்பா கிராமத்தில் இரண்டு இரவுகள் இருந்தோம். பிறகு தாபோவில் இரண்டு இரவுகள், ஸ்பிட்டியின் முதன்மை ஊரான காசாவில் மூன்று இரவுகள், வந்த வழியே திரும்பி டெல்லி, பதினாறாம் நாள் காலை சென்னை. எங்கேயும் ஒரு நாள் தவறினால் அடுத்த நாள் சரிசெய்துகொள்ளும் அளவுக்கு இடம் இருந்தது. உண்மையில் ஒரு நாள் தவறவும் செய்தது. சாலையில் கல் சரிந்து பேருந்து ஏழு மணி நேரம் நின்றது.

எந்த மாதம் செல்வது நல்லது?

தமிழகக் கல்லூரி மாணவர்களுக்கு மே கடைசி வாரத்திலிருந்து ஜூன் இருபது வரை. இதில் நமக்கு ஓர் அதிர்ஷ்டம் இருக்கிறது. நம் தேர்வுகள் முடிவதும் அந்த மலைகளில் பனி விலகுவதும் ஏறத்தாழ ஒரே காலத்தில் நிகழ்கின்றன.

ஜூன் கடைசியில் இமாச்சலத்தில் பருவமழை தொடங்கிவிடும். ஸ்பிட்டி மழை மறைவுப் பகுதி, அங்கே மழை குறைவு என்று பலர் சொல்வார்கள். அது உண்மைதான், ஆனால் அங்கே செல்வதற்கான சாலை மழை கொட்டும் மலைகளின் வழியாகத்தான் போகிறது. 2021 ஆகஸ்டில் கின்னௌரின் நிகுல்சாரி அருகே மலை சரிந்து ஓர் அரசுப் பேருந்தே புதைந்தது, பலர் உயிரிழந்தனர். 2023 ஆகஸ்டில் சிம்லாவின் சம்மர் ஹில் பகுதியில் நிலம் அரித்துப்போய், மலை ரயிலின் தண்டவாளம் தொட்டில் கயிறு போல அந்தரத்தில் தொங்கியது. ஆகவே ஜூலை, ஆகஸ்டில் செல்வதாக இருந்தால் வேறு இடத்தைத் தேர்ந்தெடுங்கள்.

எத்தனை பேர் சேர்ந்து செல்லலாம்?

நான்கு அல்லது ஐந்து. இணையத்தில் எடுக்கும் ஒரு ரயில் பயணச்சீட்டில் ஆறு பேர் வரை சேரலாம் என்றாலும், கடைசி நேர முன்பதிவான தத்கலில் நான்கு பேர்தான். மலைக் கிராமங்களில் வீட்டு அறைகள் இரண்டு, மூன்று பேருக்கு ஏற்றவை. பத்துப் பேர் சேர்ந்தால் காலையில் கழிப்பறை வரிசை முடிவதற்குள் பேருந்து போய்விடும். முதலில் பன்னிரண்டு பேர் பெயர் கொடுப்பார்கள். பணம் கட்டச் சொல்லும் நாளில் ஐந்து பேராகிவிடுவார்கள் என்பதால் இதைப் பற்றி நீங்கள் அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை.

வீட்டில் எப்படி அனுமதி வாங்குவது?

உண்மையில் இதுதான் முதல் கேள்வியாக வரும். பயணத்திலேயே கடினமான கட்டமும் இதுதான். அம்மாவிடம் கேட்டால் "அப்பாவைக் கேள்" என்பார், அப்பாவிடம் கேட்டால் "அம்மா என்ன சொன்னாள்?" என்பார். இந்தச் சுற்றில் இரண்டு வாரங்கள் போய்விடும். அதற்குள் சித்தப்பாவோ மாமாவோ செய்தித்தாளில் படித்த நிலச்சரிவுச் செய்தியை நினைவூட்டிவிடுவார்.

பொய் சொல்லாதீர்கள். கல்லூரிச் சுற்றுலா என்று சொல்லிவிட்டுச் சென்ற ஒரு குழுவை எனக்குத் தெரியும். மூன்றாம் நாளே ஒருவனுடைய அப்பா துறைத் தலைவருக்குத் தொலைபேசியில் பேசிவிட்டார். அதற்குப் பதிலாக ஒரே ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதிக் கொடுங்கள். எந்தத் தேதியில் எந்த ரயில், அதன் பி.என்.ஆர். எண், ஒவ்வோர் இரவும் தங்கும் ஊரும் விடுதியின் தொலைபேசி எண்ணும், நண்பர்களின் பெற்றோர் எண்கள், எந்தெந்த நாட்களில் சிக்னல் கிடைக்காது என்ற விவரம் ஆகியவை அதில் இருக்க வேண்டும். கடைசியாகச் சொன்னதுதான் மிக முக்கியம். "வியாழக்கிழமை பேச முடியாது, வெள்ளி மாலை பேசுவேன்" என்று முன்பே சொல்லியிருந்தால் வியாழக்கிழமை வீட்டில் எல்லோரும் தூங்குவார்கள். என் அப்பா அந்தத் தாளை நாட்காட்டிக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டி வைத்து, நாங்கள் ஓர் ஊரை அடைந்தோம் என்று தெரிந்ததும் பேனாவால் ஒரு கோடு கிழித்திருக்கிறார். திரும்பி வந்தபோது அந்தத் தாளில் சிம்லாவிலிருந்து தாபோ வரை நீலக் கோடுகள் இருந்தன.

ரயில் முன்பதிவை எப்போது, எப்படிச் செய்ய வேண்டும்?

2024 நவம்பர் முதல் முன்பதிவுக் காலம் 120 நாட்களிலிருந்து 60 நாட்களாகக் குறைக்கப்பட்டுவிட்டது. அறுபதாவது நாள் காலை எட்டு மணிக்கு முன்பதிவு திறக்கும். கோடையில் டெல்லி ரயில்களின் இடங்கள் விரைவில் தீர்ந்துவிடும் என்பதால், ஐ.ஆர்.சி.டி.சி. கணக்கைத் தொடங்குவது, அதில் ஆதாரை இணைப்பது, பயணிகளின் பெயர்களைச் சேமித்து வைப்பது ஆகியவற்றை ஒரு வாரத்துக்கு முன்பே முடித்துவிடுங்கள். முன்பதிவு திறந்த முதல் நிமிடங்களில் ஆதார் சரிபார்க்கப்பட்ட கணக்குகளுக்கே வழி.

மாணவர்களுக்கு இதில் ஒரு தனிச் சங்கடம் உண்டு. அறுபது நாட்களுக்கு முன்னால் செய்முறைத் தேர்வின் தேதியோ வாய்மொழித் தேர்வின் தேதியோ யாருக்கும் தெரியாது. எழுத்துத் தேர்வு முடியும் என்று நீங்கள் கணிக்கும் நாளுக்குப் பிறகு குறைந்தது ஒரு வார இடைவெளி விட்டுப் பதிவு செய்யுங்கள். எங்களில் ஒருவனுக்கு வாய்மொழித் தேர்வு தள்ளிப்போய், அது முடிந்த அன்று மாலை அதே சட்டையோடு ரயில் ஏறினான்.

ஆர்.ஏ.சி. கிடைத்தால் பயப்பட வேண்டாம். பக்கவாட்டுக் கீழ்ப்படுக்கையை இருவர் பகிர்ந்து உட்கார்ந்தாவது செல்லலாம். இணையத்தில் எடுத்த காத்திருப்புப் பட்டியல் சீட்டு கடைசிவரை உறுதியாகவில்லை என்றால் தானாகவே ரத்தாகிவிடும். அதை வைத்துக்கொண்டு ஸ்லீப்பர் பெட்டியில் ஏறக் கூடாது. தத்கல் பயணத்துக்கு முந்தைய நாள் திறக்கும், ஏ.சி. வகுப்புக்குக் காலை பத்து மணி, ஸ்லீப்பருக்குப் பதினொரு மணி. ஐந்து பேருக்கு அதை நம்பிப் பயணம் வைப்பது சூதாட்டம்.

மாணவர் கட்டணச் சலுகை கிடைக்குமா?

கிடைக்காது. அந்தச் சலுகை சொந்த ஊருக்குச் சென்று வருவதற்கும் கல்வி நிறுவனம் ஏற்பாடு செய்யும் கல்விச் சுற்றுலாவுக்கும் உரியது.

முப்பத்து மூன்று மணி நேரம் ஸ்லீப்பரில் தாங்க முடியுமா?

தாங்கலாம், ஆனால் மே மாதத்து விதர்ப்பாவைச் சாதாரணமாக நினைத்துவிடாதீர்கள். இரவு பத்து மணியளவில் புறப்படும் ரயில் மறுநாள் பகலில் தெலங்கானாவைக் கடந்து பல்லார்ஷா, நாக்பூர் என்று செல்லும்போது வெளியே வெயில் 44, 45 டிகிரியைத் தொடும். மேல்படுக்கையில் படுத்தால் கூரையின் சூடு முகத்தில் இறங்கும். சன்னல் கம்பியைத் தொட முடியாது. ஈரத் துண்டைச் சன்னலில் கட்டினால் பத்து நிமிடத்தில் காய்ந்த அப்பளம் ஆகிவிடும். போகும்போது மூன்றடுக்கு ஏ.சி., வரும்போது பணம் எவ்வளவு மிஞ்சுகிறதோ அதற்கேற்ப என்று வைத்துக்கொள்ளுங்கள் என்பது என் கருத்து. களைத்துப்போன உடலோடு மலையேறத் தொடங்கக் கூடாது. ஸ்லீப்பர்தான் என்றால் ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீரும் உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலங்களும் கட்டாயம்.

சிம்லா வழியாகச் செல்வதா, மணாலி வழியாகச் செல்வதா?

வரைபடத்தைப் பார்த்தால் மணாலி வழிதான் சரி என்று தோன்றும். மணாலியிலிருந்து காசா சுமார் 200 கிலோமீட்டர். சிம்லா வழியோ அதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். நாங்களும் முதல் முறை அப்படித்தான் ஏமாந்தோம்.

மணாலியின் உயரம் சுமார் 2,050 மீட்டர். விடியற்காலை ஐந்து மணிக்குப் பகிர்வு சூமோவில் ஏறினோம். 2020 அக்டோபரில் திறக்கப்பட்ட, ஒன்பது கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான நீளமுள்ள அடல் சுரங்கப்பாதையைத் தாண்டும்வரை எல்லாம் சுகம். கிராம்பூவுக்குப் பிறகு சாலை என்று எதுவும் இல்லை; உருண்டைக் கற்களும் அவற்றின் மேல் ஓடும் பனிநீர் ஓடைகளும்தான். பிற்பகலில் சுமார் 4,550 மீட்டர் உயரமுள்ள குன்சும் கணவாயில் இறங்கிப் படம் எடுத்துக்கொண்டோம். இரவு, 3,600 மீட்டருக்கு மேலுள்ள காசாவில் படுத்தோம். ஒரே பகலில் உடலை 1,500 மீட்டருக்கு மேல் தூக்கி வைத்துவிட்டோம் என்பது அப்போது யாருக்கும் உறைக்கவில்லை.

எங்களில் நன்றாக ஓடுகிறவன், கல்லூரி அணியில் கால்பந்து ஆடியவன், இரவுச் சாப்பாட்டின்போது தட்டைத் தள்ளி வைத்தான். தலை வலிக்கிறது என்றான். ராஜ்மா ஒத்துக்கொள்ளவில்லை போல என்று நாங்கள் சிரித்தோம். நள்ளிரவில் இரண்டு முறை வாந்தி எடுத்தான். சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, படுத்தால் மண்டைக்குள் யாரோ உரல் இடிப்பது போல இருக்கிறது என்றான். காலையில் விடுதிக்காரர் அவன் முகத்தைப் பார்த்ததும் வேறு எதையும் கேட்கவில்லை. கீழே கூட்டிச் செல்லுங்கள் என்று மட்டும் சொன்னார். வாடகை வண்டி எடுத்து, சுமார் 3,280 மீட்டர் உயரத்தில் இருக்கும் தாபோவுக்கு இறங்கினோம். மாலைக்குள் அவன் பசிக்கிறது என்றான். அவன் உடலில் வலு குறைவில்லை; உடற்கட்டு உள்ளவர்களையும் உயரம் விட்டுவைப்பதில்லை, ஓட்டப் பழக்கம் உள்ளவர்கள் வேகமாக நடப்பதால் முதலில் மாட்டிக்கொள்வதும் உண்டு.

சிம்லா வழியோ படிக்கட்டு போன்றது. சிம்லா சுமார் 2,200 மீட்டர், கல்பா ஏறத்தாழ 2,960, தாபோ 3,280, அதற்குப் பிறகுதான் காசா. மூவாயிரம் மீட்டருக்கு மேல் சென்ற பிறகு, ஓர் இரவு படுத்த உயரத்துக்கும் அடுத்த இரவு படுக்கும் உயரத்துக்கும் வேறுபாடு 500 மீட்டரைத் தாண்டக் கூடாது என்பது மலை மருத்துவத்தின் பொது விதி. இந்த வழியில் அந்த விதி தானாகவே கடைப்பிடிக்கப்படுகிறது. மேலும் மே மாதத்தில் குன்சும் கணவாய் பெரும்பாலும் பனியால் மூடியிருக்கும் என்பதால் உங்களுக்கு வேறு வழியும் இருக்காது.

நீண்ட வழி வீணான வழியும் இல்லை. 1903இல் திறக்கப்பட்ட கால்கா–சிம்லா மலை ரயில் 96 கிலோமீட்டரில் 102 சுரங்கங்களைக் கடக்கிறது. ஊட்டி ரயிலைப் போலவே இதுவும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறது. காப் என்ற இடத்தில் ஸ்பிட்டி ஆறு சட்லெஜில் கலப்பதைப் பேருந்துச் சன்னலிலிருந்தே பார்க்கலாம். தாபோ மடாலயம் கி.பி. 996இல் எழுப்பப்பட்டது, அதாவது ராஜராஜன் தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டி முடிப்பதற்கும் முன்பு. வெளியே வெறும் மண் சுவர். உள்ளே விளக்கில்லாத இருட்டில் கண் பழகிய பிறகு சுவர் முழுவதும் ஓவியங்கள் ஒவ்வொன்றாக எழுந்து வரும். படம் எடுக்க அனுமதி இல்லை. அதனாலேயே எல்லோரும் அங்கே நெடுநேரம் நின்றோம்.

உயர நோய் வந்திருக்கிறது என்பதை எப்படி அறிவது?

கடல் மட்டத்தோடு ஒப்பிட்டால் காசாவின் காற்றில் கிடைக்கும் ஆக்சிஜன் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான். புதிய உயரத்தை அடைந்த சில மணி நேரத்துக்குப் பிறகு தலைவலியும் அதோடு குமட்டல், பசியின்மை, தலைச்சுற்றல், தூக்கமின்மை ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றும் சேர்ந்தால், வேறு காரணம் தேடாமல் அதை உயர நோய் என்றே கொள்ளுங்கள். அந்த நிலையில் மேலே ஏறக் கூடாது. ஓய்வெடுத்தும் குறையவில்லை என்றால் கீழே இறங்க வேண்டும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலும், இருமல் அதிகரித்தாலும், பேச்சு குழறினாலும், தரையில் ஒரு நேர்கோட்டில் குதிகாலும் நுனிவிரலும் தொடும்படி அடியெடுத்து வைக்கச் சொன்னால் தள்ளாடினாலும் நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்திருக்கக்கூடும். அது உயிருக்கு ஆபத்தான நிலை. விடியட்டும் என்று காத்திராமல் உடனே இறக்குங்கள்.

அசெட்டசோலமைடு என்ற மாத்திரை உடல் பழகுவதை விரைவுபடுத்தும். ஆனால் சல்ஃபா மருந்துகள் ஒவ்வாதவர்களுக்கு அது ஆகாமல் போகலாம் என்பதால் புறப்படுவதற்கு முன் மருத்துவரிடம் கேட்டே வாங்குங்கள். மதுவும் தூக்க மாத்திரையும் அந்த உயரத்தில் வேண்டாம். ஆஸ்துமா, இதயக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரின் ஒப்புதலோடுதான் வர வேண்டும்.

எவ்வளவு பெரிய பை வாங்க வேண்டும்?

நாற்பதிலிருந்து ஐம்பது லிட்டர் வரை கொள்ளும் பை போதும். இடுப்புப் பட்டை கட்டாயம் இருக்க வேண்டும். சுமையைத் தாங்க வேண்டியது இடுப்பு, தோள் அல்ல. அறுபத்தைந்து லிட்டர் பை வாங்கினால் அதை நிரப்பும்வரை உங்களுக்கு மனம் ஆறாது. தண்ணீர் உட்பட மொத்த எடை பத்துக் கிலோவைத் தாண்ட வேண்டாம். பையை நிரப்பிக்கொண்டு விடுதியின் மூன்று மாடிகளை நான்கு முறை ஏறி இறங்குங்கள். எதை எடுத்து வைப்பது என்று முழங்காலே சொல்லிவிடும். எங்களில் ஒருவன் இஸ்திரிப் பெட்டி கொண்டுவந்திருந்தான். பெயர் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

குளிருக்கு என்ன உடை?

ஒரே தடித்த ஜாக்கெட்டைவிட மூன்று மெல்லிய அடுக்குகள் மேல்: உடலை ஒட்டி தெர்மல் உள்ளாடை, அதன் மேல் கம்பளி போன்ற ஃபிலீஸ் சட்டை, அதற்கும் மேலே காற்றும் நீரும் புகாத மேலங்கி. ஜூனிலும் காசாவில் இரவு குளிர் கடுமை. ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் இரண்டு நாள் காயாது. காலுறை ஐந்து இணை எடுத்துக்கொள்ளுங்கள், வேறு எதைக் குறைத்தாலும். புதுக் காலணியோடு புறப்படாதீர்கள்; ஒரு மாதமாவது கல்லூரிக்கு அதையே போட்டுச் சென்று பழக்குங்கள். கனமான ஜாக்கெட்டைச் சென்னையில் விலை கொடுத்து வாங்குவதைவிட, வடக்கே வேலை பார்க்கும் அண்ணன், அக்கா யாரிடமாவது இரவல் கேட்பது நல்லது.

சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

ரயிலுக்கு வீட்டுச் சாப்பாடுதான். முதல் நாள் மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லி. புளிச்சோறு இரண்டாம் நாள் இரவுவரை தாங்கும், தேங்காய் சேர்த்தது எதுவும் தாங்காது. ஒரு சிறு டப்பாவில் பருப்புப் பொடியும் இன்னொன்றில் தக்காளித் தொக்கும் எடுத்துக்கொள்ளுங்கள். டப்பாவின் வாயில் பாலித்தீன் தாளை வைத்து மூடியைத் திருகி, மேலே ஒரு ரப்பர் வளையம். இல்லையென்றால் உங்கள் தெர்மல் பதினாறு நாளும் தொக்கு மணக்கும்.

மேலே ராஜ்மா சாதமும், பருப்பும், துக்பா எனும் நூடுல்ஸ் சூப்பும், மோமோவும் எங்கும் கிடைக்கும். அந்த உயரத்தில் தண்ணீர் சுமார் 88 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் குக்கர் இல்லாமல் அரிசி எளிதில் வேகாது. சோறு விரை விரையாக இருந்தால் சமைத்தவரைக் குறை சொல்லாதீர்கள். அங்கே நாங்கள் தங்கிய வீட்டுக்கார அம்மாவுக்கு எங்கள் பருப்புப் பொடியைக் கொடுத்தோம். அவர் அதை வெண்ணெய் தடவிய ரொட்டியில் தூவிச் சாப்பிட்டுவிட்டு டப்பாவையே வைத்துக்கொண்டார்.

எவ்வளவு செலவாகும்? பணத்தை யார் வைத்துக்கொள்வது?

இரண்டாவது பயணத்தில் ஆளுக்குப் பதினெட்டாயிரம் ரூபாய்க்குச் சற்றுக் கூடுதலாக ஆனது; பை, காலணி வாங்கிய செலவு இதில் சேராது. இன்றைக்குத் திட்டமிடுகிறவர்கள் அதற்கு மேல் கொஞ்சம் கூட்டிக்கொள்வது நல்லது. அரசுப் பேருந்தில் சென்றால் செலவு அடங்கும். காசாவைச் சுற்றி லாங்சா, கோமிக், சுமார் 4,400 மீட்டர் உயரத்தில் தபால் நிலையம் இருக்கும் ஹிக்கிம் ஆகிய ஊர்களைப் பார்க்க ஒரு நாள் வண்டி எடுப்பதுதான் பெரிய செலவு. அங்கிருந்து வீட்டுக்கு ஓர் அஞ்சலட்டை போடுங்கள். என்னுடையது நான் வந்து சேர்ந்து மூன்று வாரம் கழித்து வந்தது.

பொதுப் பணம் என்று ஒன்றை ஆரம்பித்து, ஆளுக்கு மூவாயிரம் போட்டு ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். பேருந்து, சாப்பாடு, அறை மூன்றும் அதிலிருந்து. தீர்ந்ததும் மறுபடி ஆளுக்கு மூவாயிரம். தேநீருக்கு நான் கொடுத்தேன், நீ கொடுத்தாய் என்ற கணக்கே வராது. காசாவில் ஏ.டி.எம். உண்டு; அதில் பணம் இருக்கும் என்று நம்பிச் செல்லாதீர்கள். சிக்னல் இல்லாத ஊரில் யு.பி.ஐ.யும் உதவாது. ரெக்காங் பியோவிலேயே ரொக்கம் எடுத்து, ஐந்து பேரும் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். இதைத் தவிர ஆளுக்கு ஐயாயிரம் ரூபாய் தொடாத பணமாக இருக்கட்டும். எங்கள் நண்பனைக் கீழே இறக்கிய வண்டிக்கு அந்தப் பணம்தான் கொடுத்தோம்.

பெண்கள் மட்டும் சேர்ந்து செல்லலாமா?

செல்கிறார்கள். என் அக்காவின் தோழியர் நால்வர் சென்று வந்த வழியைத்தான் இரண்டாவது முறை நான் பின்பற்றினேன். ஸ்லீப்பர் வகுப்பில் பெண்களுக்கென்று தனி ஒதுக்கீடு உண்டு; முன்பதிவின்போது அதையும் பாருங்கள். டெல்லியில் இரவில் வந்து இறங்கும்படி எந்தப் பயணத்தையும் அமைக்காதீர்கள். ரயிலில் ஏதேனும் தொல்லை என்றால் 139, வெளியே என்றால் 112. மாதவிடாய்க்குத் தேவையானவற்றைச் சிம்லாவிலேயே போதுமான அளவு வாங்கிக்கொள்ளுங்கள் என்று அவர்கள் சொல்லச் சொன்னார்கள்.

இந்தி தெரியாதே?

எங்களில் யாருக்கும் தெரியாது. மலையில் இருப்பவர்களுக்கும் அது வீட்டு மொழி இல்லை. ஸ்பிட்டியில் வீட்டில் பேசுவது திபெத்திய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. "கித்னா" (எவ்வளவு) என்று கேட்பது எளிது, வரும் பதிலைப் புரிந்துகொள்வதுதான் கடினம். இருபதுக்கு மேல் இந்தி எண்கள் ஒவ்வொன்றும் தனித்தனி உருவம். கைப்பேசியில் எண்ணைத் தட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

நண்பர்களுக்குள் சண்டை வந்தால்?

வரும். பெரும்பாலும் ஆறாம் நாள் வரும். காரணம் சிறியதாக இருக்கும். எங்களுக்கு அது சன்னலோர இருக்கை. புறப்படுவதற்கு முன்பே ஒன்றை மட்டும் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்: யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் அவரோடு இன்னொருவர் கட்டாயம் இறங்க வேண்டும், யார் இறங்குவது என்பது அங்கே வைத்து விவாதிக்கப்படாது. முதல் பயணத்தில் இது பேசப்படாததால் காசாவில் அன்று காலை அரை மணி நேரம் ஐந்து பேரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். கடைசியில் எல்லோரும் இறங்கினோம். இரண்டாவது முறை சீட்டுக் குலுக்கி, ஒவ்வொருவருக்கும் ஒரு துணை என்று முன்பே எழுதி வைத்தோம்.

புறப்படும் நாளில் கவனிக்க வேண்டியவை என்ன?

அசல் அடையாள அட்டை, அதன் நகல் இரண்டு, பவர் பேங்க், பைகளைப் படுக்கைக்கு அடியில் உள்ள வளையத்தில் பூட்டுவதற்கு ஒரு சங்கிலி. சென்ட்ரலுக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே வந்துவிடுங்கள். ரயிலுக்காக இல்லையென்றாலும் வழியனுப்ப வந்திருக்கும் குடும்பங்களுக்காக. ஐந்து குடும்பங்கள் நடைமேடையில் ஒருவரையொருவர் அறிமுகம் செய்துகொண்டு எண்களைப் பரிமாறிக்கொள்ள அந்த நேரம் வேண்டும். அடுத்த பதினாறு நாட்களும் அவர்கள் உங்களிடம் பேசுவதைவிட அதிகமாகத் தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள். விதிப்படி இரவு பத்து மணிக்கு நடுப்படுக்கையை விரித்துவிடலாம் என்றாலும் கூடூர் வரும்வரை யாரும் விரிக்கப்போவதில்லை. வீட்டில் வயிறு நிறையச் சாப்பிட்டு வந்தவர்கள்தான் என்றாலும் அதற்குள் முதல் இட்லிப் பொட்டலம் பிரிக்கப்பட்டிருக்கும்.